பத்துக்குப் பத்து வாங்கிய பலராமன்

கீழ்பென்னாத்தூர் பலராமன் இருபத்திரண்டு வயது வரைக்கும் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்படிப்பட்டவன் பிறகு பதினைந்து வருஷம் கடல் மேலேயே குடித்தனம் நடத்தினான் என்றால், பிளஸ் டூவில் எடுத்த மார்க்குக்கு வேறு எந்தப் படிப்பும் கிடைக்காமல் கேட்டரிங் சேர்ந்ததுதான் காரணம். மார்க்கு அவனை அப்போதிலிருந்தே துரத்திக்கொண்டு இருந்தது.

உல்லாசக் கப்பலில் அவனுக்கு அறைப் பணியாளன் வேலை. ஸ்டூவர்ட் என்பார்கள். கப்பல் என்றால் ஏதோ தோணி என்று நினைத்துவிட வேண்டாம். நம் அண்ணாமலைக் கோயில் பெரிய கோபுரத்தைப் போலப் பல கோபுரங்களைப் படுக்க வைத்தாலும் அதற்குள் அடங்கும். நீச்சல் குளம், நாடக மேடை, பத்துப் பதினைந்து சாப்பாட்டுக் கூடம், எல்லாம் உண்டு. ஒரு தாழ்வாரம் முழுக்கப் பலராமனுடைய பொறுப்பு. காலையில் படுக்கை விரிக்க வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும், மாலையில் துண்டை யானையாகவும் குரங்காகவும் மடித்துக் கட்டில்மேல் உட்கார வைக்க வேண்டும். பயணிகள் வாயைப் பிளப்பார்கள். அவன் தூங்கும் இடம் மட்டும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. வெளியே பகலா இரவா என்று மேலே ஏறிப் போனால்தான் தெரியும்.

இங்கே ஒரு கேள்வி. ஒரு கப்பல் நல்ல கப்பல் என்று யார் முடிவு செய்வது? கட்டியவனா, ஓட்டுகிறவனா? இரண்டு பேரும் இல்லை. ஏறி இறங்கிய பயணிதான். பயணம் முடிந்து வீடு போய்ச் சேருவதற்குள் அவருக்கு ஒரு கேள்வித்தாள் வந்துவிடும். தலையணை எப்படி, முட்டை எப்படி, அறையைச் சுத்தம் செய்தவர் முகம் சிரித்ததா, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை. கம்பெனி அதைக் கூட்டிப் பார்க்கும். வெளியே சுற்றுலாப் பத்திரிகைகளும் இணையதளங்களும் அந்த மார்க்கையும் கேட்டு வாங்கிச் சேர்த்து, 'பயணிகள் தேர்ந்தெடுத்த சிறந்த கப்பல்' என்று வருஷா வருஷம் பட்டம் கட்டும். பெரிய கப்பலுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, சின்னதுக்கு ஒன்று. புயலில் மாட்டாமல் கரை சேர்த்ததற்கு அதில் மார்க் கிடையாது. மாட்டாத புயல் பயணிக்குத் தெரியாது. முட்டை வேகாவிட்டால் தெரியும்.

கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒன்பதும் பத்தும்தான் நல்ல மார்க். ஏழு, எட்டு போட்டால் போடாததற்குச் சமம். ஆறும் அதற்குக் கீழேயும் வந்தால், வாங்கி வைத்திருக்கும் நல்ல பெயரிலிருந்து கழித்துவிடுவார்கள். முப்பத்தைந்து வாங்கிப் பாஸாகி வந்தவனுக்கு இது புரியவே ரொம்ப நாளானது. "பத்துக்கு எட்டு ஃபெயிலாம்மா" என்று போனில் சொன்னபோது அவன் அம்மா ஜோதியம்மாள், "அவனுங்க வூட்டுப் புள்ளைங்கல்லாம் இன்னா மார்க் வாங்கிக் கிழிக்குதுங்களாம்?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பணியாளர் கூட்டம் நடக்கும். ஓட்டல் பகுதி மேனேஜர் மைக்கைப் பிடித்துப் பயணிகள் எழுதியதைப் பெயர் சொல்லி வாசிப்பார். நல்லதாக எழுதியிருந்தால் கைதட்டல். கெட்டதாக எழுதியிருந்தால் வாசிக்க மாட்டார், கூட்டம் முடிந்து தனியாகக் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டுப் போனவர்கள் அடுத்த ஒப்பந்தத்துக்குத் திரும்பி வந்ததைப் பலராமன் பார்த்ததில்லை. அவனுக்கு எப்போதும் கைதட்டல்தான். பல நாட்டுக்காரர்கள் வேலை செய்த அந்தக் கப்பலில் அவனை 'மிஸ்டர் டென்' என்றே கூப்பிட்டார்கள். தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கப்பல் முந்தின வருஷம் இரண்டாம் இடத்தில் நின்றிருந்தது. இந்த வருஷம் முதலிடம் வராவிட்டால் மேனேஜருடைய நாற்காலியே ஆடும் என்று பேச்சு. அவர் பலராமனைக் கூப்பிட்டு, "சென்னையில் நம் கம்பெனிக்குப் பயிற்சிப் பள்ளி திறக்கிறார்கள். ஆசிரியராக ஒருவரை நான் சொல்லலாம். முதலிடம் வந்தால் உன் பெயரைத்தான் அனுப்புவேன்" என்றார்.

பலராமனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் வாடகை வீட்டில் அவன் மனைவி வினோதினியும் மகள் இனியாவும் இருந்தார்கள். சென்னை என்றால் சனிக்கிழமை பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. கடைசியாக லீவில் வந்தபோது நாலு வயது இனியா பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அம்மா, அந்த அங்கிள் எப்ப போவாரு?" என்று கேட்டுவிட்டது. வினோதினி சிரித்துச் சமாளித்தாள். பலராமனும் சிரித்தான். ஆனால் அந்தச் சொல் ஈட்டியாகப் போய் நெஞ்சில் தைத்து அங்கேயே நின்றுவிட்டது. பெற்ற பிள்ளைக்கு அங்கிளாகிப் போனவனுக்கு ஊரெல்லாம் பத்துக்குப் பத்து போட்டு என்ன பிரயோஜனம்? அந்தச் சென்னை வேலை கிடைத்தாக வேண்டும். அதற்கு ஒரு மார்க்குகூடக் குறையக் கூடாது.

அந்த நேரத்தில்தான் டோனியும் கேரலும் வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்துத் தம்பதி. நாற்பதாவது கல்யாண நாளுக்குப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்துக் கொடுத்த டிக்கெட். அடுத்த அறையில் எடித் என்று ஒரு மூதாட்டி தனியாக வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். வாத நோயில் விரல்கள் இஞ்சிக் கிழங்காக முடிச்சு விழுந்திருந்தன. கூடையில் பழம் இருக்கும், உரிக்கக் கை வராது. முதல் நாளே அதைப் பார்த்த பலராமன், ஒரு ஆரஞ்சை உரித்து, மேலே ஒட்டிய வெள்ளை நாரையெல்லாம் எடுத்து, சுளை சுளையாகச் சாஸரில் அடுக்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. எடித் காத்திருப்பார். அவன் உரித்துக்கொண்டே ஊர்க்கதை சொல்வான்.

பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான ஜனம் மலையைச் சுற்றி நடக்கும் என்று சொன்னபோது எடித், "ஏன் சுற்றுகிறார்கள்? ஏறிப் போகலாமே?" என்று கேட்டார்.

"மலைதான் சாமி. ஏறினால் தலைமேல் மிதித்தது போல ஆகும்."

எடித்துக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வருஷம் வருகிறேன், எனக்கு ஒரு சக்கர நாற்காலி பிடித்து வை என்றார்.

மூன்றாம் நாள் காலையில் டோனி கட்டிலைவிட்டு எழவில்லை. வாந்தி, பேதி. கழிப்பறை இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டாம். இந்த மாதிரி சமயத்தில் ஸ்டூவர்ட் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உடனே கப்பல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் வந்து பயணியை அறைக்குள்ளேயே தனிமையில் வைப்பார்கள். கழிப்பறையைத் தனி ஆட்கள் வந்து காட்டமான மருந்து போட்டுக் கழுவுவார்கள். வயிற்றுப்போக்குக் கிருமி கப்பலில் புகுந்தால் காட்டுத்தீதான். மூடிய பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான பேர், ஒரே கரண்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள். பயிற்சியில் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பலராமனே புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

அவன் போனை எடுத்தான். கேரல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "வேண்டாம், பலராம். எங்களை உள்ளே பூட்டிவிடுவார்கள். நாளை மறுநாள் எங்கள் கல்யாண நாள். இனி ஒரு பயணம் எங்களுக்கு வாய்க்காது. உன்னைப் போல யாரும் எங்களைக் கவனித்ததில்லை. தயவு செய்து."

பலராமன் போனை வைத்துவிட்டான்.

பயம்தான் முதல் காரணம். தனிமையில் பூட்டப்பட்ட பயணிகள் கேள்வித்தாளில் என்ன போடுவார்கள் என்பது அவனுக்கு அத்துபடி. பூஜ்யம், ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் அது பாதிதான். இன்னொரு பாதி கீழ்பென்னாத்தூரில் இருக்கிறது. விருந்துக்கு வந்த இடத்தில் ஒருவருக்கு வயிறு கெட்டுவிட்டால் அதை நாலு பேர் காதில் போட மாட்டார்கள் எங்கள் ஜனங்கள். சொன்னால் சமைத்த வீட்டுக்கும் அவமானம், சாப்பிட்டவருக்கும் அவமானம். பலராமனுடைய மாமன் கல்யாணத்தில் பெண் வீட்டுப் பெரியப்பா ஒருவருக்குப் பேதி பிடித்துக்கொண்டது. ஜோதியம்மாள் அவரைப் பின்கட்டு அறையில் படுக்க வைத்து, ஓமத்தண்ணியும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியும் கொடுத்து, துணியைக்கூடத் தானே அலசிப் போட்டு, பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு உயிருக்கும் தெரியாமல் தேற்றி அனுப்பினாள். அந்த மனிதர் சாகிற வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்குப் புடவை எடுத்து வந்தார். 'மானத்தைக் காப்பாத்தின தாயி' என்பார். பலராமன் அதைப் பார்த்து வளர்ந்தவன். நல்ல மனுஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பது அவன் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது.

அவனுடைய பெட்டியில் அம்மா கட்டிக் கொடுத்த ஓமம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்தான். டோனிக்கு மடக்கு மடக்காகக் கொடுத்தான். கழிப்பறையைத் தானே கழுவினான், சாதாரண மருந்து போட்டு. துண்டுகளைச் சுருட்டி எடுத்துப் போனான். கையும் கழுவினான். கழுவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது அவசரக் கழுவல். நேரமாகிவிட்டது, அடுத்த அறையில் எடித் ஆரஞ்சோடு காத்திருந்தார்.

டோனி இரண்டு நாளில் எழுந்துவிட்டார். கல்யாண நாள் அன்று கோட்டுப் போட்டுக்கொண்டு பஃபேயில் வரிசையில் நின்று, கரண்டி கரண்டியாக எடுத்துப் போட்டுக்கொண்டார். பலராமன் தூரத்திலிருந்து அதைப் பார்த்துப் பூரித்துப் போனான். அம்மாவின் ஓமம் கடல் கடந்தும் பலித்துவிட்டது என்று நினைத்தான். பாவி, அன்றைக்கு அவன் சந்தோஷமாகவே இருந்தான்.

மறுநாள் எடித் ஆரஞ்சு வேண்டாம் என்றார். முகம் வெளுத்திருந்தது. "ஒன்றுமில்லை, யாரையும் தொந்தரவு செய்யாதே" என்றார். இந்த முறை பலராமன் யாரையும் கேட்கவில்லை. போனைப் பிடுங்கி எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டான். அதற்குள் அங்கே ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தத் தொகை பல மடங்காகிவிட்டது. கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். பஃபே மூடப்பட்டது. பலராமனும் மற்றவர்களும் கைப்பிடிக் கம்பிகளையும் லிஃப்ட் பொத்தான்களையும் மருந்து போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். கிருமி எங்கிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

மற்றவர்கள் எல்லாரும் தேறினார்கள். எடித்துக்கு வயசு, ஏற்கெனவே பலவீனமான இதயம். உடம்பிலிருந்த தண்ணீர் வற்றிப்போய், கரை சேருவதற்கு முன்பே கப்பல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அறையைக் காலி செய்து பெட்டியைக் கட்டும் வேலை ஸ்டூவர்டுடையதுதான். ஊன்றுகோல், மூக்குக் கண்ணாடி, மடித்து வைத்த கம்பளிச் சட்டை, எல்லாவற்றையும் பலராமன் எடுத்து வைத்தான். கூடையில் ஒரு ஆரஞ்சு மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

இத்தனை அமளிக்குப் பிறகு மார்க் பாதாளத்துக்குப் போயிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. கம்பெனி சாமர்த்தியசாலி. படுத்தவர்களுக்கெல்லாம் பூங்கொத்தும் ஒயினும் போயின. அடுத்த பயணத்துக்குச் சலுகை கொடுத்தார்கள். பயணிகள் மனசு குளிர்ந்துவிட்டது. 'இக்கட்டான நேரத்தில் ஊழியர்கள் தெய்வம் போல நின்றார்கள்' என்று எழுதித் தள்ளினார்கள். எதை வைத்து மார்க் போடுகிறோம் என்பது யாருக்கும் தெரியாது. மனசு நெகிழ்ந்தால் போடுவார்கள், சுருங்கினால் போட மாட்டார்கள், அவ்வளவுதான். மார்க் முன்னைவிட ஜாஸ்தி.

பணியாளர் கூட்டத்தில் மேனேஜர் மைக்கைப் பிடித்தார். முகமெல்லாம் பல். "இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பாராட்டு, நம் மிஸ்டர் டென்னுக்கு" என்றார். விசில் பறந்தது. கேரல் எழுதியதை வாசிக்க ஆரம்பித்தார். "பலராமனுக்குப் பத்து போதாது. என் கணவர் நோயில் விழுந்தபோது இந்த மனிதர் ஒரு தாய் போலப் பார்த்துக்கொண்டார். தன் ஊர் மருந்தை இரண்டு நாள் தானே காய்ச்சிக் கொடுத்து..." இந்த இடத்தில் மேனேஜரின் குரல் தடுக்கியது. ஆனாலும் வாய் ஓடிய வேகத்தில் அடுத்த வரியும் வந்துவிட்டது. "...நாங்கள் கெஞ்சிக் கேட்டதற்காக யாரிடமும் சொல்லாமல் எங்கள் பயணத்தைக் காப்பாற்றினார்."

பின்வரிசையில் கைதட்டல் இன்னும் நடந்துகொண்டு இருந்தது. முன்வரிசைக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வரிசையாக ஓசை அடங்கியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பலராமன் கெட்டது அடுத்தவர் வாயால், அதுவும் வாழ்த்திய வாயால். பாவம், கேரல் மேல் தப்பில்லை. அந்த அம்மாள் நன்றிதான் சொன்னார்.

"இது உண்மையா?" என்று மேனேஜர் கேட்டார்.

"உண்மை" என்றான் பலராமன்.

பிறகு மேனேஜர் தன் அறைக்குக் கூட்டிப் போய் என்ன பேசினார் என்பதை அவன் வெகு நாள் வரை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த துறைமுகத்தில் இறக்கி விமானம் ஏற்றிவிட்டார்கள். கம்பெனியும் ஊரறிய எதையும் சொல்லவில்லை. சொன்னால் கப்பலுக்குத்தானே கெட்ட பெயர்? இனி எந்தக் கப்பலிலும் வேலை கிடையாது என்பது மட்டும் அவனுக்குச் சொல்லாமல் சொல்லப்பட்டது.

வீட்டில், "காண்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சி, இனிமே போவல" என்றான். வினோதினி சந்தோஷப்பட்டாள். இனியா ஒரு வாரம் பீரோ மறைவில் நின்று பார்த்துவிட்டு, மெல்ல மெல்ல 'அப்பா' என்றது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, பாருங்கள். ஆனால் கிடைத்த விதத்தை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சில மாதம் கழித்து வினோதினி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அந்தக் கப்பல் முதலிடம் வாங்கிவிட்டது. 'பயணிகள் தேர்ந்தெடுத்த ஆண்டின் சிறந்த கப்பல்'. விளம்பரத்தில் துண்டு யானையைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டு இருந்தவன் பலராமன். எப்போதோ பிடித்த படம், அதை நீக்க மறந்துவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரில் ஜோதியம்மாள் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். அவன் கடைக்குப் போகும்போது பின்தெரு ஆட்கள் கைகொடுத்தார்கள். கொடுத்த கையைப் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவன் கழுவுவான். முழங்கை வரைக்கும், சோப்புப் போட்டு, நிறுத்தாமல். அந்தப் பழக்கம் வந்தது அப்போதுதான். 'கப்பல்காரருக்குச் சுத்தம் ஜாஸ்தி' என்று ஊரில் சொன்னார்கள்.

பிழைப்பு வேண்டுமே. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் மூர்த்தி என்பவர் நடத்திய லாட்ஜில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தான். மூர்த்திக்கும் வேறு வேலை இல்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன் போனைத் திறந்து எத்தனை ஸ்டார் வந்திருக்கிறது என்று பார்ப்பார். "பலராமா, நாலு புள்ளி நாலுல நிக்கிது. பௌர்ணமிக்குள்ள நாலரை ஆவணும். ரூம காலி பண்றவங்ககிட்ட சிரிச்சிக்கினே கேட்டு வாங்கு" என்பார். தப்பி ஓடிவந்த இடத்திலும் அந்த மார்க்கே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. பலராமன் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை. கேட்டதாகப் பொய் சொல்லிவிடுவான்.

இந்தச் சித்திரைப் பௌர்ணமிக்கு லாட்ஜ் நிரம்பி வழிந்தது. கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி பந்தியாக ஓடிக்கொண்டு இருந்தது. காலை பத்து மணி வாக்கில் மாடி அறையொன்றிலிருந்து உண்ணாமலை என்ற பெண் கதவைப் பாதி திறந்து பலராமனைக் கூப்பிட்டாள். செஞ்சிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள். உள்ளே அவளுடைய மாமனார் சுருண்டு கிடந்தார். வாடையே சொல்லிவிட்டது.

"அண்ணே, வெளிய சொல்லிடாதீங்கண்ணே. மானம் போயிடும். இவரு வருஷா வருஷம் சுத்தறவரு. சாய்ங்காலத்துக்குள்ள தேறிடுவாரு. கொஞ்சம் ஓமத்தண்ணி மட்டும் வெச்சிக் குடுங்கண்ணே. உங்க லாட்ஜுக்கு அஞ்சு ஸ்டாரு போட்டுட்றோம்."

அவள் கேட்ட ஓமத்தண்ணி கீழே சமையல்கட்டில் ஐந்து நிமிஷ வேலை. பலராமன் போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டான். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. பிறகு விடுவிடுவென்று கீழே இறங்கிப் போய், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களிடம், "யாரும் சாப்பிடாதீங்க, எழுந்து கைய சோப்பு போட்டுக் கழுவுங்க, மாடில ஒருத்தருக்கு வாந்தி பேதி" என்று உரக்கச் சொல்லிவிட்டான்.

மூர்த்தி ஓடிவந்தார். "யோவ், இன்னாயா பண்ற? பௌர்ணமியும் அதுவுமா! வேலில போற ஓணான எடுத்து வேட்டில வுட்டுக்கினியே!"

"வுடுங்க மொதலாளி. அப்புறம் திட்டுங்க."

சுகாதார ஆட்கள் வந்தார்கள். தண்ணீர்த் தொட்டியைச் சோதிக்க வேண்டும் என்று சமையல்கட்டைப் பூட்டினார்கள். தங்கியிருந்தவர்கள் காறித் துப்பாத குறையாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார்கள். உண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டு, தெருவெல்லாம் பார்க்க, மாமனாரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். ஏறும்போது பலராமனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது சாபம்தான். கிழவர் அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு நாளில் தேறிவிட்டார். லாட்ஜில் வேறு யாருக்கும் ஒன்றும் வரவில்லை. தண்ணீரிலும் குறையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன? ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டினான் என்று ஆகிவிட்டது. வராத நோய்க்கு யார் மார்க் போடுவார்கள்?

மூர்த்தி அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். நிறுத்துவதற்கு முன் போனை நீட்டி, "படி, உன் பேர் போட்டே எழுதியிருக்குது" என்றார். ஒரே ஒரு ஸ்டார். 'பலராமன் என்ற ஆள் ஈவு இரக்கம் இல்லாதவர். உடம்பு முடியாத பெரியவரைப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் அவமானப்படுத்தித் தெருவில் நிறுத்தினார். யாரும் இங்கே போகாதீர்கள்.' அதன் கீழே ஆமாம் என்று இருபது பேர் ஒத்துப் பாடியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வினோதினி அதை வீட்டில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் பொங்கினாள். "நீங்க இன்னா தப்பு பண்ணீங்க? ஒரு உசுரக் காப்பாத்தனா இந்த ஊருல இதான் மரியாதையா? அந்தக் கப்பல்ல உங்கள தாய் மாதிரின்னு எழுதினாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச அருமை இதுங்களுக்குத் தெரியுதா?"

தாய் மாதிரி என்ற சொல்லைக் கேட்டதும் பலராமனுக்குள் ஏதோ அறுந்துபோனது. அவன்தான் எப்போதோ பாதியை மட்டும் அவளிடம் சொல்லியிருந்தான். இப்போது மீதியையும் சொன்னான். டோனி, கேரல், போனை வைத்தது, ஓமம், எடித், எல்லாவற்றையும். வினோதினி போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கூடத்தில் இனியா படம் வரைந்துகொண்டு இருந்தது.

கடைசியில், "அந்தம்மாவுக்கு யாருமே இல்லியா?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு இருந்தாங்க. துறைமுகத்துக்கு வந்தாங்க. பெட்டிய நான்தான் குடுத்தேன். என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினாங்க. அம்மா போன் பண்றப்பல்லாம் உன்னப் பத்திதான் ஜாஸ்தி பேசுவாங்க, தெனம் அவங்களுக்கு ஆரஞ்சு உரிச்சிக் குடுத்த புள்ள நீதானேன்னு கேட்டாங்க." பலராமன் தன் கைகளைப் பார்த்தான். "அந்தக் கையாலதான் உரிச்சேன், வினோ. அந்தாண்ட ரூம்ல கழுவிட்டு நேரா வந்து உரிச்சேன்."

வினோதினி அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். தேற்றுவதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடி, "செத்தவங்க மனசு குளுந்துதான் போயிருப்பாங்க, வுடுங்க. அவங்களா வந்து உங்களுக்கு மார்க்கக் கொறைக்கப் போறாங்க?" என்றாள்.

"மேனேஜரு ரூமுக்குக் கூப்ட்டு அதத்தான் காட்டினாரு" என்றான் பலராமன். "கேள்வித்தாளு அந்தம்மா பேருக்கும் போயிருந்துது. அந்தப் பொண்ணு அம்மாவுக்குப் பதிலா அத்தினியும் நிரப்பி அனுப்பியிருந்தாங்க. என் பேரப் போட்டு, பத்துக்குப் பத்து. இத இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியலன்னாரு மேனேஜரு. அதையும் கணக்குல சேத்துதான் முதலிடம் வாங்கினாங்க."